நடுங்கியது யார்?



யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் கடலைக் கடந்து வந்து பாடியது. அவர்களுடைய கடவுளின் வல்லமையைக் கேள்விப்பட்டு பெலிஸ்தியா, ஏதோம், மோவாப், கானான் எல்லாம் நடுங்குவதாக அதன் 14, 15, 16 வசனங்கள் சொல்கின்றன. 'நம் சாமிக்கு உலகமே பயப்படும்' என்ற அளவில் இதை முடித்துவிடுகிற பிரசங்கங்களை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த தேசங்களில் நடுங்கியது யார்?

ஏதோமில் நடுங்குவது தலைவர்கள். மோவாபுக்கு வருகிற எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் ஆட்டுக்கடா. ஆதிக்கக்காரர்களை அப்படிச் சொல்வது வழக்கம். (நம் பக்கம் 'பெரிய மீசை' என்றால் புரிகிறதல்லவா, அதுபோல.) பெலிஸ்தியாவிலும் கானானிலும் மட்டும் தமிழ் வேதாகமம் 'குடிகள்' என்கிறது. மூலத்தில் இருப்பது 'யாஷவ்' என்ற வேரிலிருந்து பிறந்த சொல். குடியிருப்பதற்கும் அதுதான், உட்கார்வதற்கும் அதுதான். நார்மன் காட்வால்ட் 1979இல் வெளியிட்ட 'யாவேயின் கோத்திரங்கள்' என்ற ஆங்கில நூலில், இங்கே அரியணையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பொருள்கொள்ள வேண்டும் என வாதிட்டார். ஆமோஸ் முதல் அதிகாரத்தில் அஸ்தோத்தில் 'உட்கார்ந்திருப்பவனும்' அஸ்கலோனில் செங்கோல் பிடித்தவனும் ஜோடியாகவே வருகிறார்கள்.

உட்கார்வது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சு தொடங்கி ஊராட்சி நாற்காலிவரை அந்தச் சண்டைதானே. தேர்தலில் ஜெயித்த பிறகும் தரையில் உட்காரவைக்கப்பட்ட தலைவர்களை நாம் அறிவோம்.

ஆண்டைகளுக்கும் இந்தப் பாட்டின் பொருள் தெரிந்திருந்தது. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று அச்சடித்த வேதாகமத்தில் எகிப்தை விட்டு வெளியேறிய கதையே கிடையாது.

ஆனாலும் காட்வால்டோடு நாம் நிம்மதியாகிவிட முடியாது. ஒசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கதையில் அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்களைக் கானானியரின் இடத்தில்தான் பார்க்கிறார்கள் என்றார். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் வாசிப்பு அது. அதைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

யோசுவா 2ஆம் அதிகாரத்தில் அதே நடுக்கத்தை ஏறக்குறைய அதே சொற்களில் ராகாப் சொல்கிறாள். எரிகோவின் மதிலோடு ஒட்டிய வீட்டில் உடலை விற்றுப் பிழைத்தவள். ராஜாவின் ஆட்கள் வந்து அதட்டக்கூடிய வீடு அது. எந்த அரியணையில் அவள் உட்கார்ந்திருந்தாள்? உளவாளிகளை ஒளித்துவைத்ததால் அவளும் அவள் வீட்டாரும் தப்பினார்கள். மற்றபடி ஆண், பெண், சிறியவர், கிழவர், ஆடு, மாடு, கழுதை எதுவும் மிஞ்சவில்லை என்கிறது 6ஆம் அதிகாரம். அந்த ஊரில் கூலிக்காரர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?