பரணில் தூங்கும் பொம்மைகள்
(சங்கத்தின் நவராத்திரி மாலையில் பேசியது)

நம் கொலுவின் கடைசிப் படியில் காட்ஜில்லா நிற்பதைப் பார்த்துப் பலரும் சிரித்தீர்கள். 1954-இல் ஜப்பானியப் படத்தில் வந்த ராட்சத மிருகம் அது. 1960-களில் அங்கே குழந்தைகளுக்கு வினைல் பொம்மையாக விற்றார்கள். விளையாடி உடைந்தவை குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றைத்தான் இன்று சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

நம் பண்ருட்டி பொம்மைகளுக்கும் அந்தக் கதி வேண்டாம். ஃபிளாட்டில் இடமில்லை என்று பாட்டி காலத்து செட்டை மரத்தடியில் வைத்துவிடாதீர்கள். சங்க அறையில் கொடுங்கள், பொதுக் கொலுவில் வைப்போம். மண்ணுக்கு ஈரம் ஆகாது. வினைலுக்குச் சேலத்து வெயில் ஆகாது. பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள்.

வருடம் ஒரு புதுப் பொம்மை வாங்குகிறோம். பழையது ஒன்றையும் காப்பாற்றுவோம்.