எந்தச் சட்டப்படி? எந்தக் கணக்கிலிருந்து?

(அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தரப் பிரதேசத்தில் அன்றைய முசாபர்நகர் மாவட்டம். அங்கே ஜலாலாபாத் என்று ஒரு சிற்றூர். நமது அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஊர் நிர்வாகக் கமிட்டி ஒரு விதி வைத்திருந்தது. காய்கறி, பழம் மொத்தமாக விற்றால் கமிட்டிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அந்த விதி.

அந்த ஊரில் முகமது யாசீன் என்று ஒரு காய்கறி மொத்த வியாபாரி. அவர் சண்டைக்குப் போகவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் புலம்பவும் இல்லை. நேராக உச்சநீதிமன்றத்துக்குப் போனார். ‘கமிட்டியின் இடத்தைப் பயன்படுத்தினால் வாடகை கேட்கலாம். மொத்த வியாபாரத்துக்கே கட்டணம் போட எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது?’ இதுதான் வழக்கு. 1952-ல் தீர்ப்பு வந்தது. சட்ட அதிகாரமில்லாத கட்டணம் வியாபார உரிமைக்குப் போட்ட தடை, செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

சகோதரர்களே! அரசியல் சட்டம் வந்து இரண்டே வருடத்தில் ஒரு காய்கறி வியாபாரி கேட்ட கேள்வி இது. இன்றைக்கு நம் கடைவீதியில் எத்தனை பேர் இதைக் கேட்கிறோம்?

உரிமையும் கணக்கும் ஒரே பாடம்

தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் அரசியல் சட்டத்தை ஒரு புத்தகமாகவும் பொருளாதாரத்தை இன்னொரு புத்தகமாகவும் வைத்துக்கொண்டு தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். யாசீன் வழக்கைப் பாருங்கள். இரண்டும் அதில் ஒன்றாக இருக்கின்றன.

பிரிவு 19(1)(ஜி): எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் நடத்தும் உரிமை. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்கிறது 19(6). பிரிவு 265: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. பிரிவு 32: அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்சநீதிமன்றம் போகலாம். டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் இதயம், ஆன்மா என்று சொன்னது இந்தப் பிரிவைத்தான். பிரிவு 226 அதே வாசலை உயர்நீதிமன்றத்தில் திறந்து வைக்கிறது.

பிரிவு 14 எல்லோருக்கும் சமத்துவம் என்கிறது. 25 மத சுதந்திரம். 30, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமை. மேடையில் இவற்றைப் பேசிக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் 25-ஆம் பிரிவே ‘பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு’ என்றுதான் தொடங்குகிறது. உரிமையையும் அதன் எல்லையையும் சேர்த்துப் படித்தவன்தான் தேர்விலும் ஜெயிப்பான், நீதிமன்றத்திலும் ஜெயிப்பான்.

அரசாங்கம் ஒரு பெரிய கடை

வணிகப் பெருமக்களே! மாநிலப் பொருளாதாரம் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் பில் புத்தகத்தில்தான் அது தொடங்குகிறது.

விற்பனை வரி எப்போது வந்தது? சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சாராய வருமானம் போனால் கஜானாவை எப்படி நிரப்புவது? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் அது வாட் ஆனது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.

இப்போது ஒரு பில்லை எடுத்துப் பாருங்கள். 18 விழுக்காடு வரி என்றால் 9 மத்திய அரசுக்கு, 9 மாநில அரசுக்கு. திருப்பூரில் தைத்த பனியன் டெல்லியில் விற்றால்? மாநிலத்தின் பங்கு டெல்லிக்குப் போகும். ஏனென்றால் இது சரக்கு போய்ச் சேரும் இடத்துக்குரிய வரி. உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு நட்டம் என்ற குரல் அதனால்தான் எழுந்தது. ஐந்தாண்டுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அந்தக் காலம் 2022 ஜூனோடு முடிந்தது.

மத்திய அரசு வசூலிக்கும் பகிர்வுக்குரிய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு? பிரிவு 280-ன்படி அமைக்கப்படும் நிதிக்குழு அதைப் பரிந்துரைக்கும். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு 41 விழுக்காடு என்றது. அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு. 2011 கணக்குப்படி நம் மக்கள்தொகை 7.21 கோடி, நாட்டில் ஏறக்குறைய 6 விழுக்காடு. ஏன் குறைந்தது? தனிநபர் வருமானத்தில் பின்தங்கிய மாநிலத்துக்கு அதிகம் என்ற அளவுகோலுக்கு மட்டும் 45 விழுக்காடு எடை கொடுத்தார்கள். இது நியாயமா என்று வாதிடலாம். ஆனால் கணக்குத் தெரிந்துகொண்டு வாதிட வேண்டும்.

அடுத்தது பற்றாக்குறை. சரக்கு வாங்கக் கடன் வாங்குகிறீர்கள். அது நாளைக்கு லாபமாகத் திரும்பும். கடை வாடகைக்கும் சம்பளத்துக்கும் கடன் வாங்கினால்? அதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. கடனைத் தவிர்த்த எல்லா வரவையும் எல்லாச் செலவோடும் ஒப்பிட்டு எவ்வளவு துண்டு விழுகிறது என்று பார்த்தால் அது நிதிப் பற்றாக்குறை. தமிழ்நாடு 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறைக்குள் விழுந்தது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று செலவு எங்கே போகிறது என்பதை வரவு செலவு அறிக்கையில் பாருங்கள். நிதியமைச்சரின் உரை தமிழிலேயே கிடைக்கிறது. பேரேடு எழுதத் தெரிந்த கடைக்காரர் மகனுக்கு இது புரியாமல் போகுமா?

கதவு திறந்திருக்கிறது, நுழைவது யார்?

பிரிவு 16 அரசு வேலையில் சமவாய்ப்பு என்கிறது. போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்பட்ட வகுப்புகளுக்கு இட ஒதுக்கீடு தரலாம் என்கிறது 16(4). தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுச் சட்டம் 1994-ல் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. 2007-ல் பிற்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாகக் கிடைத்தது.

நினைவில் வையுங்கள்: இது மாநில அரசுப் பணிக்குத்தான். மத்திய அரசுத் தேர்வில் இந்த உள் ஒதுக்கீடு கிடையாது, அங்கே ஓ.பி.சி.க்கான 27 விழுக்காட்டில்தான் போட்டி. அதற்குத் தனிச் சான்றிதழ், வருமான வரம்பும் உண்டு. லெப்பை, தக்கனி, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா என்று பட்டியலில் உள்ள பெயரில்தான் சாதிச் சான்று இருக்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் லெப்பை என்ற பிரிவுக்குள் வருகிறார்கள். வெறுமனே ‘முஸ்லிம்’ என்று எழுதிய சான்றை வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள்!

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாதிக் கேள்விகள் தமிழ்ப் பாடம். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்களைத் தேடி எடுங்கள். உயர்ந்த பயிற்சி மையம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். புரிந்துகொள்ளும் சட்டமும் கணக்கும் உங்கள் கடையிலேயே இருக்கின்றன.

முதலாளிமார்களே! உங்கள் மகனையும் கடைப் பையனையும் தினம் இரண்டு மணி நேரம் படிக்க விடுங்கள். பெண் பிள்ளைகளை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். கடை ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அவர்களைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, அலுவலகங்களில் நம் ஆள் இல்லையே என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம்? விண்ணப்பமே போடாதவனுக்கு எந்த ஒதுக்கீடும் வேலை தராது.

தம்பிகளே! தேர்வில் வென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் இந்தப் பாடத்தை மறக்காதீர்கள். உங்கள் முன்னே எந்தச் சாதி, எந்த மதத்துக் கடைக்காரர் வந்து நின்றாலும், வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எந்தச் சட்டப்படி வாங்குகிறோம் என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும். தேர்வில் தோற்றாலும் நட்டமில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று மரியாதையாக, தயங்காமல் அதையே கேட்கும் குடிமகனாக நீங்கள் ஆகியிருப்பீர்கள்.

இன்றிரவே பில் புத்தகத்தையும் அரசியல் சட்டத்தையும் அருகருகே வையுங்கள். படிக்கத் தொடங்குங்கள்.