தனிப்பயிற்சிக்கு யாரைத் தேடுவது?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



'கல்வியின் சிறப்பு' என்று என் தலைப்பை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கல்வியின் சிறப்பை இந்தப் பந்தலில் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் கூலி வேலை செய்த களைப்போடு, வீட்டில் உலை வைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே அதற்குச் சான்று. ஆகவே தலைவர் அவர்களின் இசைவோடு, வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் பலர் என் அலுவல் அறைக்கு வந்து கேட்கும் கேள்விதான் அது. "ஐயா, பையன் கணக்கில் பின்தங்கி நிற்கிறான். எங்கே டியூஷன் வைக்கலாம், சொல்லுங்கள்."

ஒரு பள்ளித் தலைமையாசிரியனிடம் கேட்கப்படும்போது இது வெட்கம் தரும் கேள்வி. பள்ளி தன் கடமையை முழுதும் ஆற்றினால் இக்கேள்விக்கு இடமே இராது. அக்குறையை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன். ஆனால் பள்ளியின் குறை மட்டுமே இதற்குக் காரணமன்று. வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் நோட்டைத் திறந்தால், தந்தையோ, சித்தியோ, ஓய்வு பெற்ற தாத்தாவோ அருகில் இருக்கிறார். "இதைத் தப்பாய்ப் போட்டிருக்கிறாயே, மறுபடி பார்" என்று சொல்ல அங்கே ஆளுண்டு. அவருக்கு ஊதியம் கிடையாது. அவர் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. அந்தப் பிள்ளையை ஊர் 'கெட்டிக்காரன்' என்கிறது. நம் பிள்ளையின் வீட்டில் அந்த ஆள் இல்லை, அவ்வளவே வேறுபாடு. ஆகவே தனிப்பயிற்சி ஆசிரியர் என்று நாம் தேடுவது, நம் வீட்டில் காலியாய்க் கிடக்கும் அந்த இடத்தில் வந்து அமரத்தக்க ஒருவரையே. இதை மறந்து விளம்பரப் பலகையின் அகலத்தைப் பார்த்துத் தேடும்போதுதான் பணமும் போகிறது, பிள்ளையின் மனமும் ஒடிகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1983-ஆம் ஆண்டு, நான் எட்டாம் வகுப்பு. கணக்கு எனக்குப் பாம்பைப்போல் அச்சமூட்டியது. என் தந்தையார் எங்கெங்கோ சொல்லிவைத்து, ஊர்த்தெருவில் பெயர்பெற்ற ஒருவரிடம் என்னைத் தனிப்பயிற்சிக்குச் சேர்த்தார். மாதம் 5 ரூபாய். ஏனைய மாணவர் திண்ணையில் அமர்வர்; நான் திண்ணைக்குக் கீழே மண்தரையில் அமர்ந்தேன். கரும்பலகை திண்ணைச் சுவரில் சாய்ந்திருக்கும். முன்னிருந்தோர் தலைகள் மறைத்ததால் பலகையின் மேற்பாதி மட்டுமே எனக்குத் தெரியும். கணக்கின் விடை எப்போதும் கீழ்ப்பாதியில்தானே வரும்! என் தந்தையார் கொணர்ந்த பணத்தை அவர் கையில் வாங்கியதில்லை. படியில் வைக்கச் சொல்வார். ஒருநாள் நான் ஐயம் கேட்டபோது, "உனக்கெல்லாம் இது எதற்கு?" என்றார். அதன்பின் நான் எதுவும் கேட்கவில்லை. மூன்று திங்கள் மண்தரையில் அமர்ந்து மேற்பாதிக் கணக்கைப் படித்துவிட்டு நின்றுவிட்டேன். அவர் கணக்கில் வல்லவர் என்பதை நான் இன்றும் மறுக்கவில்லை.

அதன்பின் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் காலனியிலேயே இருந்த ஓர் அண்ணன். பி.யூ.சி. எழுதித் தேறாதவர், செங்கல் சூளையில் கணக்கெழுதி வந்தார். அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டார். நான் மேலெண்களைத் தனியே கூட்டி, கீழெண்களைத் தனியே கூட்டி, 2/6 என்று எழுதினேன். அவர் சிரிக்கவில்லை, அடிக்கவுமில்லை. என் தாயாரிடம் படியையும் உழக்கையும் வாங்கிவரச் சொன்னார். ஒரு படிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு என்பது கூலிநெல் அளந்து பழகிய வீட்டுப் பிள்ளைக்குப் பாடமாகத் தெரியவேண்டுமா? "உன் அம்மாவுக்கு அரைப்படி நெல் கூலி. மேற்கொண்டு ஓர் உழக்கு சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது எவ்வளவு?" என்றார். மூன்று உழக்கு என்றேன். "நீ எழுதிய 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு. அது அரைப்படியைவிடக் குறைவு. நெல்லைச் சேர்த்தபின் அளவு குறைந்தால் உன் அம்மா சும்மா விடுவார்களா?" என்றார். அன்றுதான் பின்னம் எனக்குப் புரிந்தது. அரைப்படி என்பது இரண்டு உழக்கு, அத்தோடு ஓர் உழக்கு சேர மூன்று உழக்கு, அதாவது முக்கால். கீழெண்ணை ஒன்றாக்கிக்கொண்டு கூட்டுவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

அந்த அண்ணனிடம் இன்னொரு பண்பும் இருந்தது. தமக்குத் தெரியாத கணக்கு வந்தால், "எனக்குத் தெரியவில்லை, நாளை கேட்டுவந்து சொல்கிறேன்" என்பார். மறுநாள் சைக்கிளில் டவுனுக்குச் சென்று, தெரிந்தவரிடம் கேட்டுவந்து சொல்வார். பெரியவர் ஒருவர் 'தெரியவில்லை' என்று சொல்லக் கேட்டபின், அச்சொல்லைச் சொல்ல எனக்கும் நாணமில்லாமல் போயிற்று. பட்டமும் பி.எட்.டும் பெற்றுப் பல ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தபின் எண்ணிப் பார்க்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் இளமையை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், கரும்பலகையில் கணக்குப் போட அவரை அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்கள் தீட்டுப்படும் என்று சகமாணவர் ஓடி எடுத்தனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே நகரில் வேறொரு மனிதரும் இருந்தார். வில்சன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். சர்னி ரோடு தோட்டத்தில் மாலைதோறும் தனியே அமர்ந்து படிக்கும் ஒரு சிறுவனைக் கண்டு, யார் என்று வினவி, நூல்களைத் தந்து வழிகாட்டினார். அவர் அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியரல்லர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அல்லர். 1907-ஆம் ஆண்டு அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். பின்னர்த் தந்தையாரால் படிப்புச் செலவைத் தாங்க முடியாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடை அணுகி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே.

வீட்டிலோ, தந்தை ராம்ஜி சக்பால் இருந்தார். பரேலில் ஒற்றை அறைக் குடித்தனம். மகன் அதிகாலையில் எழுந்து படிப்பதற்காகத் தாம் இரவில் வெகுநேரம் விழித்திருந்து, இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் உறங்கச் செல்வார். புத்தகம் வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமாகிப்போன பெண்களிடம் கடன் வாங்கினார். ராணுவப் பள்ளி ஆசிரியராயிருந்தவராதலின் அவரால் பாடமும் சொல்லித்தர முடிந்தது. நம்முள் பலர் விளக்கைத் துடைத்து வைக்கலாம், மகனை எழுப்பலாம். பாடத்துக்கு மட்டும் வெளியே ஆள் தேடவேண்டும்.

எப்படித் தேடுவது? முதல்நாளே பணம் கட்டாதீர்கள். ஒரு மாலை பிள்ளையோடு நீங்களும் சென்று அமருங்கள். 'எனக்குப் படிப்பு இல்லையே, நான் என்ன பார்ப்பது?' என்று தயங்கவேண்டாம். நீங்கள் பார்க்கவேண்டியதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பிள்ளை எங்கே உட்கார வைக்கப்படுகிறது என்று பாருங்கள். தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் தரப்படுகிறது என்று பாருங்கள். எவனாவது ஒரு மாணவன் தப்பான விடை சொல்லும்வரை காத்திருங்கள். அப்போது ஆசிரியர் முகத்தைப் பாருங்கள். "எப்படி இந்த விடை வந்தது, சொல்" என்று கேட்பாராயின் அவர் ஆசிரியர். மற்றவர்களைச் சிரிக்க வைப்பாராயின், எழுந்து வந்துவிடுங்கள்; அவர் எத்தனை பேரை நூற்றுக்கு நூறு வாங்க வைத்திருந்தாலும் சரி.

ஒரு மாதம் சென்றபின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பிழையே இல்லாமல், அழகான கையெழுத்தில், பக்கம் பக்கமாய் விடைகள் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது பலகையைப் பார்த்து எழுதியது. அடித்தல் திருத்தல் இருக்கவேண்டும். பிள்ளை தானே போட்டுத் தவறிய கணக்கும், அதை மீண்டும் போட்ட கணக்கும் இருக்கவேண்டும். 'முக்கிய வினாக்கள்' என்று பத்துப் பதினைந்தைக் கொடுத்து உருப்போடச் செய்பவர்களிடம் எச்சரிக்கையாய் இருங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுதும் உண்டா என்று கேட்டால், இல்லை. 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எழுதி, தேர்ச்சிக்குப் போதுமான அளவே பாடத்தைச் சுருக்கித் தரும் வேலையைப் பள்ளிகளாகிய நாங்களும் செய்கிறோம். தேர்ச்சி விழுக்காடு எங்கள் தலைமேல் தொங்குகிறது. அந்தப் பட்டியலில் நம் தெருப் பிள்ளைகளின் பெயர்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிய நாளில் என் மண்தரை நினைவுக்கு வராமல் இல்லை.

இன்னொன்று. உங்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரே 'வீட்டுக்கு வா, தனியே சொல்லித்தருகிறேன்' என்று கட்டணம் கேட்டால் உடன்படாதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. வகுப்பில் பாதி, வீட்டில் மீதி என்று பாடத்தைப் பங்கு போடும் வழக்கம் அதனால்தான் தடுக்கப்பட்டது. மாறாக, பள்ளி நேரத்திலேயே சொல்லித்தருமாறு கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. தலைமையாசிரியர் கசந்துகொண்டாலும் கேளுங்கள். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, இருட்டுமுன் வீடு திரும்பும் நேரமும், பிற பிள்ளைகள் உடனிருக்கும் திறந்த இடமும் இருந்தாலன்றி எவரிடமும் அனுப்பவேண்டாம். அதற்காகப் பயிற்சியையே நிறுத்திவிடாதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

இப்போது இளைஞர்களிடம் வருகிறேன். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, கைபேசி இல்லாத நம் பிள்ளைகள் எழுத்தையே மறந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லித்தர வேண்டியிருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அப்போது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஊர்த்தெருவில் அமைந்த மையத்துக்கு நம் பிள்ளைகள் ஒரு வாரம் சென்று நின்றுவிட்டார்கள். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பிறகு காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் ஒருத்தி, பிளஸ் டூ தேறியவள், தன் வீட்டு வாசலில் பாயை விரித்தாள். பிள்ளைகள் கூப்பிடாமலே வந்தார்கள். அவர்கள் தாய்மாரும் வந்து ஓரமாய் அமர்ந்தார்கள்.

இந்த அரங்கில் பட்டம் பெற்றுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிமார் பலர் இருக்கிறீர்கள். வேலை கிடைத்தபின் சமுதாயத்துக்குச் செய்வோம் என்கிறீர்கள். அன்பர்களே, வேலை கிடைத்தபின் நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். இப்போதுதான் மாலை நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேறும் பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அத்தேர்வின் மனத்திறன் வினாக்களும் நீங்கள் இரவு பகலாய்ப் படிக்கும் போட்டித் தேர்வு வினாக்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சொல்லித்தருவதால் உங்கள் படிப்பு கெடாது.

கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதாய்ப் பேச்சு அடிபடுகிறது. வளைவு அழகாய்த்தான் இருக்கும். நான் அதற்கு எதிரியல்லன். ஆனால் மாலையில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லும் நான்கு இளைஞர்களுக்கு மாத ஊதியம் தர முடியுமா என்பதை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். ஊதியம் தரவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இலவச உழைப்பு இரண்டு மாதம் ஓடும். மூன்றாம் மாதம் அந்தத் தம்பி கட்டட வேலைக்குப் போய்விடுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. பெற்றோரும் தம்மால் இயன்றதைத் தரட்டும். பத்து ரூபாயாயினும் கையில் கொடுத்துக் கையில் வாங்கட்டும்.

வாசலருகே மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். சொல்லித்தர விரும்புவோர் பெயர், பாடம், எந்தெந்தக் கிழமை என்று எழுதிவிட்டுப் போங்கள். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும்தான் ஆள் மிகுதியாய்த் தேவை. வரும் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழகக் கட்டடத்தில் முதல் வகுப்பு. முதல் வாரம் பின்னக் கணக்கை நானே எடுக்கிறேன். எந்த வீட்டிலாவது பழைய படியும் உழக்கும் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.