கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காக்க வேண்டிய அமானத்

(அறக்கட்டளையின் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சி நிறைவு நாளில், கருவிப்பெட்டிகள் வழங்கும்போது செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பொதுவாக இப்படியான கூட்டத்தில் உழைப்பின் சிறப்பைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். இன்று நான் ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன். எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது கனெக்டிங் ராடு மாற்றுகிற வேலை. கடைசி மாதப் பாடம் அதுதான். நம் பிள்ளைகளின் ஈமானுக்கும் அதுதான் சோதனை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, கிராங்க் சுற்றுகிறது. இந்த இரண்டையும் இணைக்கும் இரும்புக் கைதான் கனெக்டிங் ராடு. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், அந்த ராடு ஒரு நொடியில் 100 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஓட்டத்தில் அது உடைந்தால் எஞ்சின் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் திடீரென நின்றுவிடலாம். முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, கைப்பிடியில் பை என்று போகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் உயிர் நம் பிள்ளையின் கையில் இருக்கிறது.

நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகளில் ராடு ஒரே துண்டாக இருக்கும். கிராங்க்தான் இரண்டு பாதி. நடுவில் கிராங்க் பின்னை அழுத்தி இறக்கியிருப்பார்கள். அடியிலிருந்து தட்டல் சத்தம் வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், ராடை நேர் மேலாகப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்கு ஆட்டம் தெரிந்தால் ராடு செட் போய்விட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இருக்க வேண்டிய இடைவெளிதான். இந்த வித்தியாசம் தெரியாதவன் நல்ல ராடைக் கெட்டது என்பான், கெட்டதை நல்லது என்பான். முதலாவது வாடிக்கையாளரின் காசுக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது அவர் உயிருக்குச் செய்யும் அநியாயம்.

மாற்றுவது என்று முடிவானால் ராடு, பின், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். தேய்ந்த பின்னில் புது ராடு போட்டால் சில மாதங்களில் அதே சத்தம் திரும்ப வரும். கிராங்கைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில்தான். சுத்தியலால் அடிக்கும் வேலை இல்லை. பின்னில் உள்ள எண்ணெய்த் துளை, கிராங்கில் உள்ள துளைக்கு நேராக வந்திருக்கிறதா என்று காற்று ஊதிப் பார்க்க வேண்டும். துளை மாறிவிட்டால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது, புது ராடும் எரிந்துபோகும். ராடின் பக்க இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை. சேர்த்த கிராங்கை இரு மையங்களுக்கு நடுவே நிறுத்திச் சுற்றி, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்ப்பது. அந்தக் கேஜில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைவிடச் சிறிய கோணலைத் தேடித் தேடி, செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்குள் வரும்வரை விடக்கூடாது. சில நாள் அரை மணியில் முடியும், சில நாள் அஸர் வரை இழுக்கும்.

பிறகு பிஸ்டன். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். அது சில ரூபாய்ச் சாமான், கழன்றால் சிலிண்டரையே கிழித்துவிடும். மாட்டும்போது கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பிஸ்டனில் உள்ள குறி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பாருங்கள். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேரில் நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு, கிக்கரை மிதிக்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள்.

இன்டர்செப்டர் 650 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் முறை வேறு. அங்கே கிராங்க் ஒரே துண்டு, ராடுதான் இரண்டாகப் பிரியும். ஒரு ராடின் மூடியை இன்னொரு ராடுக்குப் போடக்கூடாது. போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

பிள்ளைகளே, எஞ்சினை மூடிய பிறகு உள்ளே நீங்கள் செய்தது யாருக்கும் தெரியாது. புது செட்டுக்குக் காசு வாங்கிவிட்டுப் பழையதைக் கழுவிப் போட்டாலும் தெரியாது. டயல் கேஜ் வைக்காமலே வைத்தேன் என்றாலும் தெரியாது. வண்டி அன்றைக்கு ஓடத்தான் செய்யும். அளவில் மோசடி செய்பவர்களை எச்சரிக்க குர்ஆனில் தனியே ஒரு சூராவே இருக்கிறது, 83-வது சூரா. நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவசம் செய்யச் சொன்னபோது அதன் வளையங்களை அளவோடு கோக்கும்படி கட்டளையிட்டதை 34-வது சூராவில் பார்க்கிறோம். இரும்பு வேலையில் அளவு என்பது ஒரு நபிக்கு இடப்பட்ட கட்டளை. உங்கள் கையில் இருக்கும் ஃபீலர் கேஜைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஆகவே மூன்று பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அளந்த அளவுகளைப் பில்லின் பின்புறம் எழுதுங்கள். பிரஸ் வேலை உங்களால் முடியாவிட்டால், முடிந்த லேத் பட்டறைக்கு அனுப்பி, அங்கே கொடுத்த கூலியை மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துக் கடைப் பையன் ஒரு நாளில் எஞ்சினை இறக்கி ஏற்றிவிடுகிறான், நம் பிள்ளை இரண்டு நாள் எடுக்கிறானே என்று அவசரப்படுத்தாதீர்கள். வீட்டில் கஷ்டம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அவசரப்படுத்தினால் அவன் முதலில் விடுவது டயல் கேஜைத்தான். முதல் வருடம் வருமானம் குறையலாம். இவன் கட்டிய எஞ்சின் சத்தம் போடாது என்ற பேர் வந்துவிட்டால் வாடிக்கையாளர் தேடி வருவார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்று வழங்கும் கருவிப்பெட்டிகள் ஜகாத் நிதியிலிருந்து, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அவர்களின் சொந்த உடைமையாகவே கொடுக்கப்படுகின்றன. பொதுப் பட்டறையில் உள்ள பிரஸ் அறக்கட்டளையின் சொத்து என்பதால், ஆலிம்களின் ஆலோசனைப்படி அதற்கு ஜகாத் பணத்தைத் தொடவில்லை, நன்கொடையில்தான் வாங்கினோம். பயிற்சி முடித்தவர்கள் அதை வந்து பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குக் கூலி கிடையாது. வேலை முடிந்ததும் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் கட்டும் வண்டியில் போகிறவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.