மூல நட்சத்திரமும் பெண் மக்களும்

(தாம்பரத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் வானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயிற்றுப்பாடே பெரும்பாடாயிருக்க, வானத்தின் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். வானத்தின் பேரைச் சொல்லித்தானே நம் பெண்களின் வாழ்வைக் கெடுத்து வருகிறார்கள்! "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பழமொழியைக் கட்டிவிட்டார்கள். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாதாம்! படித்து, உத்தியோகம் பார்த்து, நற்குணத்தோடிருக்கிற பெண்ணின் ஜாதகமும் இதனால் போன வழியே திரும்பி வருகிறது. இச்சங்கதி தெரியாதவர்கள் தாம்பரத்திலாவது, சேலையூரிலாவது, குரோம்பேட்டையிலாவது உண்டா? ஆகவே அந்த மூலந்தான் என்னவென்று பார்த்துவிடுவோம்.

ஆடி மாதம் மேகமில்லாத இரவில், 9 மணிக்கு மேல் தெற்கே பாருங்கள். தேளைப் போல் ஓர் உருவம் தெரியும். அதன் வாலும் கொடுக்குமே மூலம். அக்கொடுக்குக்குப் பக்கத்தில், வெறுங் கண்ணுக்குப் புலப்படாமல், ஒரு பெரிய வாயு மேகம் இருக்கிறது. 1837-இல் ஜான் ஹெர்ஷல் என்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து அதைக் கண்டார். பூனையின் காலடி போலிருப்பதால் அதற்குப் பூனைப்பாதம் என்று பெயர். அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஆயிரக்கணக்கான வருடமாகிறது.

அந்த மேகத்தில் என்ன நடக்கிறது? ஹைட்ரஜன் வாயு தன் பாரத்தாலேயே ஆங்காங்கு திரண்டு, சுருங்கி, சூடேறி, நட்சத்திரமாகிறது. எந்தப் பிரம்மாவும் அங்கே எழுதுவதில்லை. ஆனால் புகை போன்ற தூசி மூடியிருப்பதால், சாதாரண தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு அது தெரியாது.

இதற்கு விஞ்ஞானிகள் இரண்டு வழி கண்டார்கள். செங்கற் சூளைக்குள் எரியும் நெருப்பு வெளியே தெரியாது. பக்கத்தில் நின்றால் உடம்பில் சூடு படுகிறது. அந்தச் சூடுதான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அது தூசியைக் கடந்து வரும். கதவைச் சாத்தினால் வெயில் வராது. கைப்பேசி மட்டும் மணியடிக்கிறதல்லவா? அது ரேடியோ அலை. பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரிக் குளிரில் கிடக்கும் மேகத்தில், ஹைட்ரஜன் ஊமையாயிருந்தாலும், அதில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலையில் சேதி சொல்லுகிறது. 1970-இல் ஓரியன் மேகத்தில் இதைக் கண்டார்கள். மாவு எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை ரேடியோ சொல்லும். எத்தனை இட்டிலி வெந்தது என்பதை அகச்சிவப்பு சொல்லும்.

இது வெள்ளைக்காரர் வித்தை மட்டுமல்ல. ஈரக் காற்று நெடிய அகச்சிவப்பு அலைகளைத் தின்றுவிடுவதால், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் 1 மீட்டர் கண்ணாடியைப் பலூனில் கட்டி, ஹைதராபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி இம்மாதிரி மேகங்களை அளந்தார்கள். புனேக்கருகில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ கிண்ணங்கள் நிற்கின்றன. 2025 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த பூனைப்பாதப் படம் வெளிவந்தது.

தோழர்களே! எந்தத் திசையைக் காட்டி நிர்மூலம் என்றார்களோ, அந்தத் திசையிலே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன! உடனே "அப்படியானால் மூலம் சுபம்" என்று யாராவது புறப்பட்டால், அதுவும் மூடத்தனமே. வாயுவுக்குச் சுபமேது, அசுபமேது? ஒரே நாழிகையில் பிறந்த ஆணுக்கு அரசும் பெண்ணுக்கு அழிவும் கொடுக்க, அதற்கு ஆண் பெண் பேதம் எப்படித் தெரியும்? கார்த்திகைக் கூட்டம் பிறந்தே சுமார் 10 கோடி வருடந்தான் ஆகிறது. பூமிக்கோ வயது 450 கோடி. நம் பூமிக்கு இளையதா நம் தலைவிதியை எழுதும்?

ஆகையால், இனி உங்கள் வீட்டுக்குப் பெண் பேச வரும்போது, அவள் நட்சத்திரத்தைக் கேளாதீர்கள். அவள் சம்மதத்தைக் கேளுங்கள். அதைச் செய்தால் நாம் இன்று பேசியது வீண் போகவில்லை என்று மகிழ்வோம்.