நோவும் வீரமும்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டும் வீரமும் என்னும் பொருள்பற்றி ஏதாவது பேசவேண்டும் என்று நமது காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது, காயத்தைப் பொருட்படுத்தாது களத்தில் நின்ற வீரர் சிலரின் கதைகளைச் சொல்லி இளைஞர்களுக்கு ஊக்கமூட்டுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். கதைகளைச் சொல்லத்தான் போகின்றேன். ஆனால் அத்தகைய கதைகளைப் படித்து வளர்ந்த ஒருவன், இன்று இந்தப் பாயிலே உங்களோடு சம்மணமிட்டு இருக்க முடியாமல் நாற்காலி கேட்டு வாங்கியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெரியவர்கள் தரையில் இருக்க நான் நாற்காலியில் இருப்பது மரியாதைக் குறைவு, பொறுத்தருள வேண்டும். காரணத்தைப் பின்னர் சொல்லுகின்றேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எங்கள் கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் பேர்ட் ட்ரவுட்மான் என்பவரைப் பற்றிப் படித்தேன். அவர் ஜேர்மனியர், 1923ஆம் ஆண்டு பிரேமன் நகரில் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரின் படையில் இருந்து, சிறைபிடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கி, 1949இல் மன்செஸ்ரர் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தில் கோல் காப்பாளராகச் சேர்ந்தார். எதிரி நாட்டுச் சிப்பாயை எங்கள் கோலுக்குக் காவல் வைப்பதா என்று ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கி எதிர்த்தனர். அதே மக்களின் அன்பை அவர் தமது ஆட்டத்தினால் சிறிது சிறிதாகச் சம்பாதித்தார்.

1956ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, வெம்பிளி மைதானம். எப். ஏ. கிண்ணத்தின் இறுதிப் போட்டி. எதிரணி பேர்மிங்ஹாம் சிற்றி. ஆட்டம் முடியப் பதினேழு நிமிடங்கள் வரை இருந்தபோது, ஓடிவந்த எதிரணி வீரரின் காலடியில் ட்ரவுட்மான் பாய்ந்து பந்தைப் பிடித்தார். அந்த வீரரின் முழங்கால் அவரது கழுத்தில் மோதியது. நினைவு கலங்கி விழுந்தவர் எழுந்து தள்ளாடினார். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமே இல்லை. அவர் வெளியேறினால் மிகுதிப் பத்துப்பேரில் ஒருவர் கோலுக்குள் நிற்கவேண்டும். அவர் வெளியேறவில்லை. கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நின்று, வந்த பந்துகளையும் தடுத்தார். மன்செஸ்ரர் சிற்றி 3-1 என்று வென்றது. சில நாட்கள் கழித்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரியவந்தது. முள்ளந்தண்டின் ஓர் எலும்பு பிளந்திருக்க, அடுத்த எலும்பு ஆப்புப்போல வந்து செருகி அதனை விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆப்பு இல்லாதிருந்தால் அவர் மைதானத்திலேயே இறந்திருக்கக்கூடும் என்றனர் வைத்தியர்கள்.

சபையோரே, பன்னிரண்டு வயதுப் பையன் இதைப் படித்தால் என்ன எண்ணுவான்? எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று எண்ணினேன். எலும்பு செருகிய கதையை அன்று நான் கவனிக்கவேயில்லை. கிண்ணத்தைத்தான் கவனித்தேன்.

சந்தர்ப்பம் வாய்த்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான ஓர் இறுதிப் போட்டி. எந்தக் கல்லூரிகள் என்பது இங்கு வேண்டியதில்லை. முதற்பாதியின் கடைசியில் பந்தோடு திரும்பும்போது என் வலது முழங்காலுக்குள்ளே ஏதோ 'பொட்' என்று விட்டதுபோல இருந்தது. விழுந்தேன். சில நிமிடங்களில் நோ தணிந்துவிட்டது. இடைவேளையில் ஐஸ் வைத்துத் துணிப்பட்டியால் இறுகக் கட்டினார்கள். பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்து, "ஏலுமோ தம்பி?" என்று கேட்டார். "ஏலும் சேர்" என்றேன்.

நான் அவரைக் குறை கூறமாட்டேன். கேட்டவர் அவர், பொய் சொன்னவன் நான். ஆயினும் இப்பொழுது எனக்கு ஒரு கேள்வி உண்டு. சுற்றிவரப் பள்ளிக்கூடம் முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ஏலுமோ என்று கேட்டால், ஏலாது என்று அவன் எந்த வாயால் சொல்லுவான்?

இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் ஓடினேன். பிறகு ஒருமுறை திரும்பியபோது முழங்கால் கழன்று போனதுபோல மடிந்தது. போட்டியில் வென்றோம். என்னைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். பழைய மாணவரான முதியவர் ஒருவர் ஐந்நூறு ரூபா நோட்டொன்றை என் சட்டைப் பையில் செருகி, "ஆம்பிளைப் பிள்ளையெண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்றார். மூன்று கிழமை பரியாரியாரின் எண்ணெயும் கட்டும். வீக்கம் வற்றியது, ஆனால் படியிறங்கும்போது கால் நழுவும். ஈற்றில் ஸ்கான் எடுத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைக் காட்டி விளக்கினார். முழங்காலின் உள்ளே குறுக்காகச் செல்லும் ஒரு பிணைநார் இருக்கிறது, ஏ. சி. எல். என்பார்கள். அது அறுந்தால் நோ சிறிது நேரத்தில் அடங்கலாம். நேராக ஓடவும் முடியும். ஆகவே ஒன்றுமில்லை என்று ஆட்டக்காரன் நம்பிவிடுகிறான். திரும்பும்போது மூட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. தொடையெலும்பும் கால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, இடையிலே பிறைவடிவாக இருக்கும் குருத்தெலும்பை நசுக்கிவிடுகின்றன. "பிணைநாரைப் புதிதாக வைத்துக் கட்டலாம். நசிந்த குருத்தெலும்பை நான் எங்கேயிருந்து கொண்டுவருகிறது?" என்று அவர் கேட்டார். முதற்பாதியில் அறுந்தது பிணைநார். இரண்டாம் பாதியில் போனது நான் தரையில் சம்மணமிட்டு இருக்கும் பாக்கியம்.

இங்கே பெரியவர்கள் சிலர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேகத்தில் வலுவில்லை, நாங்கள் கிளித்தட்டு விளையாடிய காலத்தில் முழங்கால் தேய்ந்து இரத்தம் வடிந்தாலும் மண்ணைத் தடவிவிட்டு ஓடினோம் என்று மனதுக்குள் சொல்லுவது எனக்குக் கேட்கிறது. அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. தோல் உரிவதும், தசை பிடிப்பதும், மூச்சு முட்டுவதும் விளையாட்டின் உப்பு. அவற்றுக்கு அஞ்சுகிறவன் விளையாட வரவேண்டியதில்லை. நோவைத் தாங்கப் பழகுவதற்கு மைதானத்தைப்போல வேறோர் இடமில்லை என்றே நானும் நம்புகிறேன். நான் சொல்ல வருவது, நோ வேறு, சேதம் வேறு என்பது. சில வேளை பெரும் நோவில் சேதம் சிறிதாயிருக்கும். என் முழங்காலைப்போலச் சில வேளை நோ அடங்கியபின்தான் சேதம் பெருகும்.

நம் நாட்டவர் வீரத்தில் குறைந்தவரல்லர். 1975ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி, முதலாவது உலகக் கிண்ணக் கிரிக்கெற் போட்டியில், லண்டன் ஓவல் மைதானத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவை எதிர்த்தது. அப்பொழுது இலங்கைக்கு ரெஸ்ற் அந்தஸ்துக்கூட இல்லை. தலைக்கவசம் என்ற பொருளும் பாவனைக்கு வரவில்லை. அவுஸ்திரேலியா 328 ஓட்டங்கள் பெற்றது. ஜெப் தொம்சன் வீசிய பந்து துலிப் மென்டிசின் தலையில் பட்டது. சுனில் வெத்தமுனியின் பாதத்தைப் பதம்பார்த்தது. வெத்தமுனி 53 ஓட்டங்களோடும் மென்டிஸ் 32 ஓட்டங்களோடும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகுதிப் பேர் பயந்து ஒதுங்கவில்லை. நான்கு விக்கெற்றுகள் மாத்திரமே இழந்து 276 வரை சென்று, 52 ஓட்டங்களால் தோற்றார்கள். மென்டிஸ் அன்று திரும்பிவந்து ஆடாததனால் அவரை யாரும் கோழை என்று சொன்னதில்லை. பத்து ஆண்டுகளின்பின், 1985இல், இந்தியாவை வென்று நாட்டின் முதலாவது ரெஸ்ற் வெற்றியைப் பெற்றுத்தந்த அணித்தலைவர் அவரே. அன்று ஓவலில் அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் என்னவாகியிருக்குமோ!

தமிழர் மரபில் மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினார்கள். வெண்ணிப் போரில் முதுகிலே புண்பட்டதற்கு நாணிச் சேரமான் ஒருவன் வடக்கிருந்து உயிர் துறந்தான் என்று நாம் படித்திருக்கிறோம். அந்தக் குருதி நமக்குள்ளே ஓடுவதாலோ என்னவோ, காயத்தோடு நிற்பவனைக் கண்டால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் போருக்குப் போனவனுக்குப் பின்னால் ஊரும் குடிகளும் இருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தது வெள்ளி முலாம் பூசிய ஒரு கிண்ணம். அது இப்பொழுது கல்லூரி மண்டபத்தின் கண்ணாடி அலுமாரியில் கறுத்துப்போய் இருக்கிறது.

எனினும் மனம் கேட்கமாட்டேன் என்கிறது. 1953ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஜொஹனஸ்பேர்க்கில் நடந்ததை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நியூசிலாந்து அணி தென்னாபிரிக்காவோடு ஆடியது. நீல் அட்கொக்கின் பந்து பேர்ட் சட்கிளிப்பின் தலையில் பட, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். அவர் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு திரும்பிவந்து அடிக்கத் தொடங்கினார். ஒன்பதாவது விக்கெற் 154 ஓட்டங்களில் விழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று எண்ணி எல்லோரும் வெளியே நடக்கத் தொடங்கினர். ஏனென்றால் கடைசி வீரரான பொப் பிளேயர் வரமாட்டார். இரண்டு நாட்களுக்கு முன்னர், நத்தாருக்கு முந்திய இரவில், நியூசிலாந்தின் தங்கிவாய் என்னும் இடத்தில் பாலம் இடிந்து புகைவண்டி ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்திருந்தனர். அவர்களில் ஒருத்தி அவர் மணமுடிக்க இருந்த பெண். ஆனால் அவர் வந்தார். கையுறையை முழுதாக மாட்டிக்கொள்ளாமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மைதானம் முழுவதும் எழுந்து மௌனமாக நின்றது. சட்கிளிப் எதிர்கொண்டு சென்று அவரைத் தோளோடு அணைத்தார். பத்து நிமிடத்தில் இருவரும் 33 ஓட்டங்கள் பெற்றனர். சட்கிளிப் ஏழு சிக்சர்களோடு ஆட்டமிழக்காமல் 80. ஈற்றில் நியூசிலாந்து 132 ஓட்டங்களால் தோற்றது. வென்றவர்களின் ஓட்டங்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

பிளேயர் வந்ததை நான் போற்றுகிறேன். ஏனென்றால் மனப்புண்ணோடு ஆடுவதால் அப்புண் ஆறாமற் போவதில்லை. சட்கிளிப்பைப் போற்றும்போது மாத்திரம், அவருடைய இரண்டாவது அடி வராமல் தப்பியது அதிர்ஷ்டம் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். மூளையில் ஓர் அதிர்ச்சி ஏற்பட்டு அது ஆறுமுன்னர் இன்னோர் அடி பட்டால், மூளை திடீரென வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், அது பெரும்பாலும் இளவயதினருக்கே நேர்கிறது என்றும் வைத்திய நூல்கள் சொல்கின்றன. 2011ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் பாடசாலை றக்பி ஆட்டமொன்றில், அடிபட்டும் தொடர்ந்து ஆடிய பதினான்கு வயது மாணவன் ஒருவன் அவ்வாறே இறந்தான். மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழவேண்டும் என்பதில்லை. முகம் வெளிறும், கேட்டதையே திரும்பக் கேட்பான், வாந்தி வரும். சில அறிகுறிகள் மணித்தியாலங்கள் கழித்தே தோன்றும். "ஒன்றுமில்லை சேர்" என்று அவன் சொன்னால், அந்தச் சொல்லும் அடிபட்ட மூளையிலிருந்தே வருகிறது.

லோர்ட்ஸ் மைதானத்தில் 1963ஆம் ஆண்டு, வெஸ் ஹோலின் பந்தால் கை முறிந்த கொலின் கவ்ட்றி, இரண்டு பந்துகள் மிகுதியிருக்கக் கைக்கட்டோடு இறங்கி மறுமுனையில் நின்றார். ஒரு பந்தைத்தானும் அவர் எதிர்கொள்ளாமலே போட்டி சமநிலையில் முடிந்தது. அதே லோர்ட்ஸில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் ஸ்ரீவ் ஸ்மித் 80 ஓட்டங்களோடு நிற்க, ஜொப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்தார். முக்கால் மணித்தியாலமளவில் திரும்பிவந்து 92இல் ஆட்டமிழந்தார். மறுநாட் காலை அறிகுறிகள் தென்பட, அவரை நிறுத்திவிட்டு, அந்த மாதமே நடைமுறைக்கு வந்திருந்த புதிய விதியின்படி மார்னஸ் லபுஷேனை இறக்கினார்கள். ரெஸ்ற் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்காக இறங்கிய முதல் மாற்று வீரர் அவரே. அவருக்கும் உடனே தலைக்கவசத்தில் ஓர் அடி! எழுந்து நின்று 59 ஓட்டங்கள் பெற்றார். ட்ரவுட்மானின் காலத்தில் இப்படியொரு விதி இருந்திருந்தால், அவர் வெளியே வந்து அமர்ந்திருப்பார். அவருடைய கழகம் அப்போதும் வென்றிருக்கலாம். நமக்கு ஒரு கதை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விடயத்தைச் சொல்லி அமர்கிறேன். காலினால் ஆட முடியாது போனபின், நமது சங்கத்தின் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பணியை எனக்குத் தந்தீர்கள். சென்ற வருடம் அரையிறுதிப் போட்டியில், நம் குழுவின் மிகச் சிறந்த பையன் இன்னொருவனோடு தலை மோதி விழுந்தான். எழுந்து சிரித்தான். "ஏலும் அண்ணை" என்றான். நான் ஏலுமோ என்று கேட்கவேயில்லை; கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து இருத்திவிட்டேன். அப்பொழுது ஒன்றுக்கொன்று சமநிலை. கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். அன்றிரவு அந்தப் பையனின் தகப்பனார் என் வீட்டுப் படலையில் வந்து நின்று, "உன்ரை கால் போனதெண்டு என்ரை பிள்ளையையும் இருத்திப்போட்டியோ?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. அம்மாதான் அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். இரவு பத்து மணிக்கு அவருடைய வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. பையன் இரண்டுமுறை வாந்தியெடுத்துவிட்டான், என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒரு ஓட்டோ பிடித்து மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடியும்வரை வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்; அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பையன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். ஒரு மாதம் கழித்து, வைத்தியர் சம்மதித்த பிறகு, மீண்டும் ஆடத்தொடங்கினான். இந்த வருடம் அவனே குழுவின் தலைவன்.

அந்தப் பெரியவரும் இந்தச் சபையில் இருக்கிறார். இந்த நாற்காலியைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டவரும் அவரே.