உங்க அப்பா என்ன செய்றார்? – விமானி நேர்காணலுக்குத் தயாராவது பற்றி

(ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களுக்கான வழிகாட்டுதல் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைவாய்ப்பு நேர்காணல்களில் சாதி எப்படி இயங்குகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக, விமானி உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலரோடு நிறையப் பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பணம். வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. தேர்வுகளில் தேற வேண்டும். இதற்கே ஏறத்தாழ ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் ஆகிறது. அதன் பிறகு ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனிச் செலவு. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. விமானி அறையின் கதவு விமான நிலையத்தில் மூடப்படவில்லை தோழர்களே, பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே மூடப்பட்டுவிட்டது.

ஆனாலும் சில வழிகள் இருக்கின்றன. உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி ஒன்றிய அரசின் நிறுவனம். அங்கே சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் பாடப்பிரிவுப் பட்டியலில் வணிக விமானி உரிமமும் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காசு கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு இருப்பது பாதிப் பணம் கட்டிய பிறகு தெரிந்தால் அந்தக் குடும்பம் எழுந்திருக்க முடியாது.

இனி நேர்காணல். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக எழுத்துத் தேர்வு, கணினியில் திறனறித் தேர்வு, குழு விவாதம், நேர்முகம், சிமுலேட்டர் என்று போகும். தொழில்நுட்பக் கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது. வெயில் நாளில் விமானத்துக்கு ஏன் நீளமான ஓடுபாதை தேவைப்படுகிறது என்று கேட்பார்கள். சூட்டில் காற்றின் அடர்த்தி குறைகிறது, அதனால் இறக்கை தரும் தூக்கமும் குறைகிறது, எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது. சித்திரை வெயிலில் வாழ்கிற உங்களுக்கு இதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்ல வரவேண்டும். 35,000 அடியிலிருந்து எப்போது இறங்கத் தொடங்குவீர்கள் என்பார்கள். ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ 105 கடல் மைல். இதையெல்லாம் நண்பர்கள் கேட்க, நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் தெரிந்த விடை நாக்கில் வராமல் போவதுதான் அதிகம்.

சிமுலேட்டர் பயிற்சியை மணிக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிவிட்டு வருகிறவர்களோடு நீங்கள் போட்டியிட வேண்டியிருக்கும். காசில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது, அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படியாகப் பழகுவது. உலகமெங்கும் விமானிகள் செய்கிற பயிற்சிதான் இது. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்து ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. ஆங்கிலத் திறனை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. நான்காம் நிலை போதும். அந்த நிலையின் வரையறை, பேசுபவரின் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது. புரிகிறதா என்பதுதான் அளவுகோல். இன்னொன்று சொல்கிறேன். வானொலித் தொடர்பில் மூன்றை 'த்ரீ' என்று சொல்லக் கூடாது, 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து 'ஃபைஃப்', ஆயிரம் 'டவ்சண்ட்'. இரைச்சலில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக வகுத்த உலக விதி இது. நம் பிள்ளைகள் 'ட்ரீ' என்று சொன்னதற்காகக் கல்லூரி வகுப்பறையில் சிரித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கான்வென்ட் நாக்குக்கும் விமானியின் நாக்குக்கும் தொடர்பில்லை. தெளிவு, நிதானம், கேட்டதைத் திருப்பிச் சொல்வது, இவைதான் வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 'உங்க அப்பா என்ன செய்றார்?' சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமேனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007இல் வெளியானது. நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்திலிருந்து நல்ல ஊழியர் வருவாராம். தகுதி தனிமனிதருடையது என்றால் அப்பா எதற்கு? பார்ப்பனியம் இப்போது பூணூல் போட்டுக்கொண்டு வருவதில்லை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருகிறது.

இதற்கு என்ன பதில் சொல்வது? என் கருத்து இது. அப்பா துப்புரவுப் பணியாளர் என்றால் அப்படியே சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில், குரல் தாழாமல். மறைத்தால் அடுத்த இருபது நிமிடமும் மனம் அந்தப் பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருக்கும், கேள்வியைக் கேட்காது. அதே நேரம் கண்ணீர்க் கதையாக நீட்டவும் வேண்டாம். இரக்கம் காட்டுகிறவர் உங்களைச் சமமாகப் பார்க்கமாட்டார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உங்கள் பறத்தலுக்கு வந்துவிடுங்கள்: எந்த ஊரில் பயிற்சி, முதல்முறை தனியாகப் பறந்த நாளில் காற்று எப்படி இருந்தது, என்ன முடிவெடுத்தீர்கள். பேச்சை எங்கே கொண்டுபோவது என்பது உங்கள் கையிலும் இருக்கிறது.

இன்னொரு கேள்வி அநேகமாக வரும். 'கேப்டன் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?' இதில்தான் எனக்குத் தனி ஆர்வம். 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. மூடுபனியில், அனுமதி கிடைக்காமலேயே கே.எல்.எம். கேப்டன் ஓடுபாதையில் விமானத்தைக் கிளப்பினார். எதிரே பான் ஆம் விமானம் இன்னும் போகவில்லையா என்று பொறியாளர் சந்தேகம் கேட்டார். கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். 583 பேர் இறந்தார்கள். 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள். டெனரிஃப் போன்ற விபத்துகளிலிருந்து விமானத் துறை ஒரு பாடம் கற்றது. மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்க முடியாத இடத்தில் உயிர் போகும் என்பது அந்தப் பாடம். அதற்காகவே ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள், பெயர் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட். படிநிலை கொல்லும் என்பதை அம்பேத்கர் படித்த நாம் யாரிடமும் போய்க் கற்கத் தேவையில்லை.

ஆனால் பதிலில் வீரவசனம் வேண்டாம். 'கேப்டன் பெரியவர், அவர் சொன்னபடி கேட்பேன்' என்பதும் தவறு, 'சண்டை போடுவேன்' என்பதும் தவறு. முதலில் கருவி காட்டும் எண்ணைச் சொல்வேன்: 'வேகம் அதிகம்.' திருத்தாவிட்டால், 'இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வருவோம்' என்று தெளிவாகச் சொல்வேன். அதற்கும் பதில் இல்லை, ஆபத்து நெருங்குகிறது என்றால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொல்வேன். இப்படிப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஊரில் எதிர்த்துப் பேசினால் அடிவிழும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம் படியிலேயே தொண்டை அடைக்கும். அதனால்தான் இதைச் சத்தமாகப் பழகச் சொல்கிறேன்.

வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. 2025 ஜூனில் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் பயிற்சி விமானி, அலுவலகக் கூட்டத்தில் தன்னைச் செருப்புத் தைக்கப் போகச் சொன்னார்கள் என்று புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். மூடிய அறையில் நடப்பதை நிரூபிப்பது கடினம். எனவே தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதி, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை அதன் பயிற்சி விமானி விளம்பரங்களில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடங்கள் தனியாக இருந்தன. 2022 ஜனவரி 27 அன்று அது டாடாவிடம் போனது. அந்த இடங்களும் போயின. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற நம் கோரிக்கையில் இனி விமானி அறையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அதற்கான மனுவின் வரைவு பின்வரிசையில் இருக்கிறது, படித்துத் திருத்தம் சொல்லுங்கள். மருத்துவச் சோதனைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று இரண்டு தோழர்கள் கேட்டிருந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து அதைப் பார்ப்போம்.